ஜப்பானியக் கத்திக்குப் புதுப் பிடி: சுட்டு இறக்குவதா, பசை போடுவதா?

ஆறு மாதமாகக் கேரட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வில்லை வில்லையாக நறுக்கினால் ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. கேரட் மேல் தப்பில்லை என்றானதும் சாணைக்கல் மேல் சந்தேகம் வந்தது. மறுபடி தீட்டினேன், கூர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் கத்தியைக் கழுவித் துடைக்கும்போது, பிடியின் பின்முனையை மூக்குக்கு நேரே வைத்து அலகை நோக்கிப் பார்த்தேன். எட்டுப் பட்டைப் பிடி. அலகு செங்குத்தாக நின்றது, ஆனால் மேல் பட்டை கூரையைப் பார்க்காமல் லேசாக ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மூன்று டிகிரி இருக்கும். அந்தப் பிடியைப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

அது 210 மில்லிமீட்டர் க்யூட்டோ. காய்கறி, இறைச்சி எல்லாவற்றுக்கும் ஆகும் பொதுக் கத்தி. இந்த வகைக் கத்திகளில் அலகு பின்னால் மெலிந்து, வால் மாதிரி பிடிக்குள் போகும். ஜப்பானியர் அதை நாகாகோ என்பார்கள். நான் வால் என்றே சொல்கிறேன். மரபான பிடி ஹோ என்ற மக்னோலியா இன மரம், அதன் முன்முனையில் எருமைக் கொம்பில் ஒரு பூண். ஆணி கிடையாது. வால் துளைக்குள் இறங்கி இறுகி நிற்பதுதான் மொத்தப் பிணைப்பும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குப் பிடி போடுவதும் ஏறக்குறைய இதே கதைதான்: வாலைக் காய்ச்சு, கட்டையில் இறக்கு, பூணை இறுக்கு. ஆனால் அரிவாள் இரண்டு டிகிரி திரும்பி நின்றால் அதைக் கவனிக்க ஆளில்லை. மெல்லிய நீள அலகில் எல்லாம் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வால் 80 மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளையின் கடைசியில் அரை மில்லிமீட்டர் ஒதுங்கிப் போனாலே 240 மில்லிமீட்டர் கத்தியின் நுனி ஒன்றரை மில்லிமீட்டர் விலகிவிடும். முழுதாக ஒரு டிகிரி தப்பினால் நுனியில் நான்கு மில்லிமீட்டருக்கு மேல். அரை மில்லிமீட்டர் என்பது துளைக்குள் கண்ணுக்கே தெரியாத அளவு.

கோணல் மூன்று விதமாக வரும். நுனி இடம் வலமாக விலகுவது ஒன்று. நுனி மேலே கீழே போவது இன்னொன்று. மூன்றாவது முறுக்கு, பிடி தன் அச்சிலேயே சுழன்று நிற்பது. என் கத்திக்கு வந்தது அதுதான். பிடி போடும் எல்லோரும் முதல் வகைக்குத்தான் பயப்படுகிறார்கள், ஏனென்றால் மேலிருந்து பார்த்தவுடன் கண்ணில் படுவது அது. உண்மையில் அதற்குத்தான் கை சீக்கிரம் பழகும். ஒரு டிகிரி இடம் வலமாக இருப்பதை, அளந்து காட்டாவிட்டால் வெட்டுகிறவர் உணரவே மாட்டார்.

மேல் கீழ்க் கோணல் வேறு மாதிரி. பிடியின் நீளம் 140 மில்லிமீட்டர் என்றால், இரண்டு டிகிரி கீழே சாய்ந்தால் பின்முனை ஐந்து மில்லிமீட்டர் இறங்கிவிடும். அலகின் உயரம் 45 மில்லிமீட்டர்தான், அதில் பிடியின் தடிமனும் விரல்களும் அடங்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் போனால் விரல் முட்டி வெட்டுப்பலகையில் தட்டும். அதனால் தப்பினால் மேல் பக்கமாகவே தப்பட்டும் என்று வைத்துக்கொள்வேன். பின்முனை லேசாகத் தூக்கியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

முறுக்குதான் மோசம். கை பிடியின் பட்டைகளை வைத்துத்தான் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பட்டை பொய் சொன்னால் கையும் அதை நம்பி அலகைச் சாய்க்கும். 45 மில்லிமீட்டர் உயர அலகில் மூன்று டிகிரி என்றால் முதுகுக்கும் கூர்விளிம்புக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சாய்வு. வெங்காயத்தில் தெரியாது. கேரட், உருளைக்கிழங்கு, பூசணி மாதிரி தடித்த கெட்டிக் காய்களில் வெட்டு ஒரு பக்கமாக ஓடும். தீட்டியதில் கோளாறு என்று நினைத்து இன்னும் தீட்டுவோம். நான் செய்த மாதிரி.

இதனாலேயே பிடியின் வடிவத்தைத் தேர்வு செய்யும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. முட்டை வடிவப் பிடி முறுக்கை மன்னிக்கும். உள்ளங்கை தானாகச் சரிசெய்துகொள்ளும். எட்டுப் பட்டைப் பிடி மன்னிக்காது. அதன் மேல் பட்டையும் அலகின் முதுகும் ஒன்றாகத் தெரிவதால் கண்ணும் கண்டுபிடித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் புடைப்பு உள்ள டி வடிவப் பிடியில் அந்தப் புடைப்பு வலக்கைக்காரருக்கு வலப்பக்கம், விரல் மடிப்பில் உட்கார வேண்டும். அது திரும்பி உட்கார்ந்தால் பார்க்க ஒன்றும் தெரியாது, பத்து நிமிடம் வெட்டினால் விரல் சொல்லும். முதல்முறை பிடி போடுகிறீர்கள், கத்தி வீட்டுக்குத்தான் என்றால் முட்டை வடிவம் எடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. எனக்கு எட்டுப் பட்டைதான் பிடிக்கும், அது என் தலையெழுத்து.

சரி, போடும் முறைக்கு வருவோம். எது அதிக உறுதி என்று கேட்டுத்தான் இவற்றைப் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லா முறையும் போதுமான உறுதிதான். சமையலறையில் யாரும் பிடியைப் பிடுங்கி இழுக்கப் போவதில்லை. நான் கேட்பது வேறு இரண்டு கேள்வி. நேராக்க எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? தப்பினால் திரும்பக் கழற்ற முடியுமா?

சுட்டு இறக்குவதுதான் மரபு முறை. பிடியில் வாலைவிடச் சிறிய துளை இருக்கும். அலகை ஈரத்துணியால் சுற்றி, வாலின் கடைசிப் பகுதியை மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி, துளைக்குள் அழுத்துவார்கள். புகை கிளம்பும், மரம் கருகி வாலின் வடிவத்துக்கே வழி விடும். வெளியே எடுத்து, கரியைத் தட்டிக் கொட்டிவிட்டு, மறுபடி காய்ச்சி இறக்குவார்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரைச் சூடு ஆறியபின் சுத்தியலால் இறக்குவது வழக்கம். அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். கத்தியைத் தலைகீழாக, நுனி தரையைப் பார்க்கப் பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் பின்முனையில் மரச்சுத்தியலால் தட்டுவார்கள். அலகு கீழே விழாது. ஒவ்வொரு தட்டுக்கும் மேலே, பிடிக்குள் ஏறும். அலகின் எடை அங்கேயே நிற்கப் பார்க்கிறது, பிடி அதன் மேல் இறங்குகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த முறையில் வாலுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. ஆட்டம் இல்லை, பசை இல்லை. பத்து வருடம் கழித்து மரம் மக்கினால் தட்டிக் கழற்றிப் புதுக் கட்டை போடலாம். ஹோ பிடியை ஜப்பானில் தேய்ந்தால் மாற்றும் பொருளாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நேராக்க என்று கிடைக்கும் நேரம் சில விநாடிகள். முதல் தடவை வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கரி வழி போட்டுவிடும். இரண்டாவது தடவையும் வால் அந்த வழியையே தேடும். சூட்டோடு சாய்த்துத் திருத்தலாம். அப்படித் திருத்தும்போது எதிர்ப்பக்கத்தில் பள்ளம் விழும். இரண்டு மூன்று முறை திருத்தினால் பிறகு பிடி ஆடும். முறுக்கைத் திருத்துவது இன்னும் கஷ்டம், வால் தட்டையாக இருப்பதால் துளை வட்டமாகத் தேய்ந்துவிடும்.

சூட்டிலும் கவனம் வேண்டும். ஷிரோகாமி, ஆஓகாமி மாதிரி கார்பன் எஃகுகளைக் கடினப்படுத்திய பின் சுமார் 180 முதல் 220 டிகிரி செல்சியஸில்தான் பதம் போடுகிறார்கள். அதைத் தாண்டிச் சூடு குதிப்பக்கம், அதாவது கூர்விளிம்பு பிடியை ஒட்டி முடியும் மூலைப்பக்கம், ஏறினால் அங்கே கூர் நிற்காது. எஃகில் வைக்கோல் நிறம் ஓடி வருவது தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். கொம்புப் பூண் இன்னொரு தொல்லை. அதன் வாயை முன்கூட்டியே அகலமாக அறுத்து வைக்காவிட்டால் சூடான வால் பட்டு நெளியும், முடி கருகின நாற்றம் வீடு முழுக்க இரண்டு நாள் நிற்கும். அடர்த்தியான கருங்காலியில் இப்படிச் சுடவே கூடாது, வெடிக்கும். பிசின் ஏற்றிய அலங்கார மரங்களில் வரும் புகை மூச்சுக்கு ஆகாது. அவற்றில் செய்வதென்றால் பிடிக்குள் பெரிய துளை போட்டு, அதற்குள் ஹோ மாதிரி மென்மரத்தில் ஒரு உருளையைப் பசையிட்டு இறக்கி, வாலை அந்த உருளைக்குள் சுடுவார்கள். வெளியே கருங்காலி, உள்ளே மென்மரம். நல்ல யோசனை, ஆனால் அந்த உருளைத் துளை கோணினால் எல்லாம் கோணும்.

அடுத்தது எபாக்சி. துளையை வாலைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்து, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து நிரப்பி, வாலை இறக்கி, நேர் பார்த்து, இறுக விடுவது. இந்த முறையில் துளை கோணலாக இருந்தாலும் கவலையில்லை, பசைதான் இடத்தை நிரப்புகிறது. கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், துளை முடிவு செய்யாது. புதிதாகச் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை.

ஆனால் எந்தப் பசை? நான் சறுக்கிய இடம் இது. ஐந்து நிமிடப் பசை வாங்கினேன். பெட்டியில் எழுதியிருக்கும் ஐந்து நிமிடம் மிதமான அறைச் சூட்டுக்கானது; சென்னையில் சித்திரை மதியத்தில் அது அதைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும். கலக்க ஒரு நிமிடம், துளைக்குள் குச்சியால் இறக்க ஒரு நிமிடம், பிதுங்கியதைத் துடைக்க அரை நிமிடம். மேலிருந்து ஒரு பார்வை பார்த்தேன், நேராக இருந்தது. பின்னாலிருந்து பார்க்கலாம் என்று திருப்பும்போதே பசை இழுக்க ஆரம்பித்துவிட்டது. சரி, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் கேரட் திட்டு வாங்கியது.

சாதாரண, மெதுவாக இறுகும் அரால்டைட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். முக்கால் மணி நேரமாவது அசைத்துப் பார்க்க விடும். ராத்திரி போட்டால் காலையில் இறுகியிருக்கும். அவசரமில்லாதவர்களுக்கு எபாக்சியில் இதுதான் ஒரே வழி என்பேன். குறை என்னவென்றால் கழற்றுவது. வாலைச் சூடாக்கினால் எபாக்சி இளகும் என்பது உண்மைதான், ஆனால் நடைமுறையில் பாதி நேரம் பிடியை உளி வைத்துப் பிளந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. விலை குறைந்த ஹோ பிடி என்றால் போகட்டும். ஆசைப்பட்டு வாங்கிய கருங்காலி என்றால் வயிறு எரியும்.

மூன்றாவது வழியைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள்: குளூ கன் குச்சி. குச்சியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் துளைக்குள் போட்டு, வாலை ஹீட் கன்னில் காய்ச்சி இறக்கினால் கோந்து உருகி வாலைச் சுற்றி நிரம்பும். ஆறினால் கெட்டி. கோணல் தெரிந்தால் வாலின் கழுத்தைச் சூடாக்கினால் போதும், இளகும். திருப்பி, மறுபடி ஆற விடலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்கிறவர்களும் உண்டு. அதன் வாசனை நன்றாக இருக்கும், குளிரில் கொஞ்சம் நொறுங்கும். இரண்டிலும் ஒரு பலவீனம்: சூடு. அடுப்புக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் இருந்தால் வேண்டாம். மீன் தலையை வெட்டுகிற கனமான டெபாவுக்கும் வேண்டாம், அடி விழ விழ அசையும்.

நான்காவது, தெரிந்தவர் கையில் கொடுப்பது. ஒசாக்காவுக்குப் பக்கத்தில் உள்ள சாக்காய் நகரில் கத்தி ஒரே ஆள் கையில் உருவாவதில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுவது தனி வேலை. நாள் முழுக்க அதையே செய்கிறவருக்கு அந்தச் சில விநாடிகள் போதும். டோக்கியோ போகிறவர்கள் யாராவது இருந்தால், கப்பாபாஷித் தெருவின் கத்திக் கடைகளில் பிடி மாற்றித் தரும் இடங்கள் உண்டு. விமானத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்த முறையானாலும், எதை நேர் என்று எடுத்துக்கொள்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வாலின் நேரை நம்ப வேண்டாம். கையால் அடித்த கத்திகளில் வால் அலகோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அலகின் பக்கத்தையும் நம்ப வேண்டாம். பல க்யூட்டோக்களில் வலப்பக்கம் புடைத்தும் இடப்பக்கம் கொஞ்சம் தட்டையாகவும் இருக்கும், அதைப் பார்த்தால் கண் ஏமாறும். முதுகுதான் சாட்சி. குதிக்கு மேலே ஒரு புள்ளி, நுனியில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்த கோடு பிடியின் நடுக்கோட்டில் விழ வேண்டும். அலகே வளைந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் பிடி. வளைந்த அலகுக்கு நேராகப் பிடி போட முயல்வது, கோணல் சுவரில் படம் மாட்டுகிற மாதிரி. மென்னிரும்பு போர்த்திய அலகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முழுக்கக் கடின எஃகில் செய்த ஹோன்யாகி வகையில் கை வைக்காதீர்கள், ஒடிந்துவிடும்.

ஒற்றைச் சரிவுக் கத்திகளில் இன்னொரு குழப்பம். சாஷிமி என்ற சமைக்காத மீன் துண்டுகளை வெட்டும் யானாகிபாவில் சரிவு வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் கிட்டத்தட்ட தட்டை, அந்தத் தட்டையின் ஓரத்தில்தான் கூர். அதனால் மேலிருந்து பார்த்தால் கூர் பிடியின் நடுவே வராது, இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். கோணல் என்று நினைத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் முதுகு வலப்பக்கம் போய் முறுக்கு வந்துவிடும். அங்கேயும் முதுகைத்தான் பார்க்க வேண்டும்.

முறுக்கைப் பிடிக்க நான் இப்போது பயன்படுத்துவது ஒரு ஐஸ் குச்சியும் ஒரு பைண்டர் கிளிப்பும். குச்சியைப் பிடியின் மேல் பட்டையில் குறுக்காக மாஸ்கிங் டேப்பால் ஒட்டுகிறேன். கிளிப்பை அலகின் முதுகில் மாட்டினால் அதன் தட்டையான மேல்பக்கம் அலகுக்குக் குறுக்காக நிற்கும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அரை டிகிரி தப்பினாலும் தெரிந்துவிடும். பசை கலப்பதற்கு முன்னால் வெறும் வாலை இறக்கி ஒரு முறை பார்த்துவிட வேண்டும், அப்போதே கோணினால் துளையைக் கொஞ்சம் ராவிக்கொள்ளலாம். கூரில் தடித்த அட்டை ஒன்றை மடித்துக் கட்டிவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள். பழைய பிடியைக் கழற்றுவதற்கு முன் மேலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து மூன்று படம் எடுத்து வைத்துக்கொண்டால், எவ்வளவு தூக்கியிருந்தது, வால் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று பிறகு யூகிக்க வேண்டியதில்லை. சாக்காய்க் கத்திகளில் பூணுக்கும் அலகுக்கும் நடுவே வால் ஒரு சென்டிமீட்டர் வரை வெளியே தெரியும்படி விடுவார்கள். அது தப்பு என்று நினைத்து முழுக்க உள்ளே அடித்து இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆக என் தேர்வு இதுதான். முதல் கத்தி, ஹோ பிடி என்றால் குளூ கன் குச்சி. அழகில்லைதான், ஆனால் கோணலைத் திருத்தித் திருத்தி, எந்தக் கோணல் கைக்கு எப்படி இருக்கிறது என்று கற்றுக்கொடுப்பது அது மட்டும்தான். கருங்காலி மாதிரி விலை உயர்ந்த கட்டை என்றால், குச்சியும் கிளிப்பும் வைத்துக்கொண்டு மெதுவாக இறுகும் எபாக்சி. கருங்காலிப் பிடி ஹோவைவிட ஏறக்குறைய இருமடங்கு கனம், கத்தியின் சமநிலை பின்னால் வந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சுட்டு இறக்குவதை, வீணானாலும் பரவாயில்லை என்று நாலு கட்டை வாங்கி வைத்திருப்பவர்கள் செய்யட்டும்.

அந்த க்யூட்டோவின் பிடியைப் பிளந்துதான் எடுத்தேன். உள்ளே பசை வாலின் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் தாள் மாதிரி மெலிசாகவும் இறுகியிருந்தது. புதுப் பிடியை இந்த முறை ராத்திரி ஒன்பது மணிக்கு, மெதுவான பசையில் போட்டேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கிளிப் குச்சியோடு இணையாக இல்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த கத்தி தன் எடையிலேயே கொஞ்சம் திரும்பியிருந்தது. திருப்பி வைத்து, இரண்டு பக்கமும் புத்தகங்களை முட்டுக் கொடுத்து, பத்து மணி வரை ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தேன். டெபாவுக்கு வாங்கிய ஹோ கட்டை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதைச் சுட்டுத்தான் இறக்க வேண்டும். இன்னும் மூன்று கட்டை சேரட்டும் என்று காத்திருக்கிறேன்.